120 கோடி இஸ்க் வெடித்துச் சிதறிய பிறகு: ஈவ் ஆன்லைன் இழப்பை அலசுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

ஈவ் ஆன்லைன் என்ற விண்வெளி இணைய விளையாட்டில் கப்பல் வெடித்தால் வெடித்ததுதான். மறுபடி உயிர்த்து அதே கப்பலில் ஏறிக்கொள்ளும் விளையாட்டு இது இல்லை. கப்பல் போகும், அதில் பூட்டியிருந்த கருவிகள் போகும், சரக்கும் போகும். நான் ஒரே இரவில் 120 கோடி இஸ்க் (அந்த விளையாட்டின் காசு) மதிப்புள்ள சரக்கை இழந்தேன். நான்கு மாதம் சுரங்கம் தோண்டியும் வாங்கி விற்றும் சேர்த்தது.

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் வீட்டு வரிசையில் நான்கைந்து தம்பிகள் இதை விளையாடுகிறார்கள். இழப்பு வந்ததும் எல்லோரும் ஒரே மாதிரிதான் தடுமாறுகிறார்கள்: செய்ய வேண்டியதைத்தான் செய்கிறார்கள், வரிசையை மாற்றிச் செய்கிறார்கள். அதனால் கீழே உள்ள வரிசையைக் கலைக்காதீர்கள்.

முன்கூட்டியே வேண்டியவை

ஒரு 555 புத்தகம். மளிகைக் கடையில் கடன் எழுதுவார்களே, அதே சின்னப் புத்தகம். கணினியில் எழுதினால் இரண்டாம் நாள் அழித்துவிடுவோம், அல்லது நமக்குச் சாதகமாகத் திருத்திவிடுவோம். இரண்டு நிறப் பேனா. ஒரு மணி நேரம், யாரும் கூப்பிடாத நேரமாக.

அப்புறம் ஒரு கணக்கு. ஈவின் கடிகாரம் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. மலேசிய நேரத்துக்கு 8 மணி நேரம் கூட்ட வேண்டும். இதைச் செய்யாமல் பதிவுகளைப் பார்த்த ஒரு தம்பி, மத்தியானம் நடந்த வேறொரு சண்டையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டான்.

1. முதலில் முட்டையைக் காப்பாற்றுங்கள்

கப்பல் வெடித்ததும் நீங்கள் ஒரு சின்ன முட்டைக்குள் மிதப்பீர்கள். பெயர் கேப்ஸ்யூல், பேச்சுவழக்கில் பாட். இதையும் உடைத்தால் குளோன் (மாற்று உடல்) இருக்கும் நிலையத்தில் விழித்தெழலாம், ஆனால் தலையில் பொருத்தியிருந்த இம்ப்ளான்டுகள் திரும்பி வராது. சில சமயம் கப்பலைவிட அவைதான் விலை.

ஆகவே கப்பல் தப்பாது என்று தெரிந்த கணமே ஏதாவது ஒரு கிரகத்தைத் தேர்ந்தெடுத்து வார்ப் (அதிவேகப் பாய்ச்சல்) பொத்தானை அழுத்திக்கொண்டே இருங்கள். யார் சுட்டது என்று பெயர் படிக்கிற நேரம் இது இல்லை. பெயர் எங்கேயும் ஓடிப்போகாது, மூன்றாவது படியில் வரும்.

2. டாக் செய்ததும் விளையாட்டை மூடுங்கள்

டாக் என்றால் நிலையத்துக்குள் நுழைவது, அன்டாக் என்றால் வெளியே கிளம்புவது. எல்லோரும் தவறவிடும் படி இதுதான். நெஞ்சு படபடக்கும்போது செய்கிற அடுத்த காரியம் முதல் இழப்பைவிட அதிகம் வாங்கிவிடும்.

பழிவாங்கக் கிளம்புவது ஒன்று. சட்டவிரோதமாகச் சுட்டவன் மேல் உங்களுக்கு ‘கில் ரைட்’, அதாவது திருப்பிச் சுடும் உரிமை, கிடைக்கும். அது 30 நாள் செல்லும், இன்றைக்கே ஓட வேண்டியதில்லை. அப்புறம், பொருளைத் திருப்பித் தருகிறேன், போட்ட இஸ்க்கை இரண்டு மடங்காக்குகிறேன் என்று வரும் கடிதங்கள். பெரிய சந்தை மண்டலமான ஜிட்டாவில் இந்த வியாபாரம் நாள் முழுக்க நடக்கிறது, நொந்துபோனவன்தான் அவர்களுக்கு வாடிக்கை. மூன்றாவது உண்மையான வெள்ளியை (ரிங்கிட்) போட்டு பிளெக்ஸ் என்ற பொருளை வாங்கி, விளையாட்டுக்குள் இஸ்க்குக்கு விற்று, குழியை நிரப்புவது. இதில்தான் எனக்குக் கோபமே வரும். இழந்தது விளையாட்டுக் காசு. சம்பள வெள்ளியைப் போட்டு அதை அடைத்தால், பாடம் படிக்க இழப்பே மிஞ்சாது. அடுத்த மாதம் அதே இடத்தில் அதே மாதிரி வெடிப்பீர்கள்.

நான் வைத்திருக்கும் எல்லை இது: சர்வர் தினமும் 11:00 மணிக்கு, நமக்கு இரவு 7 மணிக்கு, பராமரிப்புக்காக மூடும். இழப்புக்கு அடுத்த 7 மணி தாண்டும்வரை கப்பலை அன்டாக் செய்வதில்லை. நானாக நேரம் குறித்தால் ஏமாற்றிக்கொள்வேன். சர்வர் மூடுவதை என்னால் ஏமாற்ற முடியாது.

ஈடு கேட்டு விண்ணப்பம் போடலாமா? சர்வர் பிழை என்று அவர்களுடைய பதிவிலேயே தெரிந்தால்தான் பயன். இன்னொரு ஆட்டக்காரர் சுட்டது விளையாட்டின் ஒரு பகுதி, பிழை இல்லை.

3. ஆதாரத்தைச் சேர்த்துவிடுங்கள், தீர்ப்பு சொல்லாதீர்கள்

மறுநாள் மூன்று இடத்தில் பாருங்கள்.

முதலில் கில்மெயில், அதாவது கப்பல் அழிந்த அறிக்கை. உங்கள் கதாபாத்திரப் பக்கத்தில் இழப்புகளின் பட்டியலில் இருக்கும். யார் சுட்டார்கள், எந்தக் கப்பலில் வந்து, எந்த ஆயுதத்தால், எவ்வளவு சேதம், எந்தப் பொருள் அழிந்தது, எது அழியாமல் மிஞ்சியது, எல்லாம் அதில் உண்டு. இழப்புகளைப் பொதுவில் பட்டியலிடும் ஜீகில்போர்டு தளத்திலும் பெரும்பாலும் ஏறியிருக்கும். ஊரே பார்க்குமே என்று கூச்சப்பட வேண்டாம். என்னுடையதும் அங்கேதான் கிடக்கிறது.

அடுத்தது கணினியின் டாக்குமெண்ட்ஸ் கோப்புறை. அதில் ஈவ், அதற்குள் லாக்ஸ், அதற்குள் கேம்லாக்ஸ், சாட்லாக்ஸ் என்று இரண்டு. எந்த நொடியில் அன்டாக் ஆனீர்கள், எந்த மண்டலத்திலிருந்து எதற்குத் தாவினீர்கள், முதல் அடி எப்போது விழுந்தது என்று வரிவரியாக இருக்கும். புதியவர்கள் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

கடைசியாக வாலட். காப்பீட்டுத் தொகை வந்திருக்கும். காப்பீடு எடுக்காத கப்பலுக்கும் விளையாட்டு போடும் கப்பல் மதிப்பில் 40 விழுக்காடு கிடைக்கும், பிளாட்டினம் (உச்சக் காப்பீடு) எடுத்திருந்தால் முழுசாக. ஆனால் அது கப்பலின் உடலுக்கு மட்டும். கருவிக்கும் சரக்குக்கும் சல்லிக்காசு கிடையாது. காப்பீடு 12 வாரத்தில் முடிந்துவிடும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தப் படியில் "நான் முட்டாள்" என்றோ "அவன் அயோக்கியன்" என்றோ எழுதாதீர்கள். தீர்ப்பு வந்துவிட்டால் மீதி ஆதாரத்தைக் கண் பார்க்காது.

4. நேரத்தை வரிசையாக எழுதுங்கள்

பதிவில் உள்ளதை நீல மையில். பதிவில் இல்லாத, உங்களுக்கு மட்டும் தெரிந்ததைச் சிவப்பில். என் புத்தகத்தில் இருப்பது இது (இரவு, மலேசிய நேரம்):

7:46 – ஜிட்டாவில் 120 கோடி சரக்கு மொத்தமும் ஒரே டைரா சரக்குக் கப்பலில் ஏற்றினேன். (சிவப்பு)
7:52 – அன்டாக். டோடிக்சி மண்டலத்துக்கு ஆட்டோபைலட். (நீலம்)
7:53 – சாப்பிடப் போனேன். சோறு, ரசம், நெத்திலி சம்பால். (சிவப்பு)
8:17 – உவேடாமா மண்டலத்துக்குள் நுழைந்தது. (நீலம்)
8:18 – முதல் அடி. அதே நிமிடத்தில் வெடிப்பு. (நீலம்)
8:31 – கை கழுவிவிட்டு வந்து பார்த்தேன். முட்டை மட்டும் மிதந்துகொண்டிருந்தது. (சிவப்பு)

சம்பாலை எதற்கு எழுத வேண்டும் என்று ஒருவன் சிரித்தான். அந்த 38 நிமிடம் நான் திரையின் முன் இல்லை என்பதை எந்தப் பதிவும் சொல்லாது. சிவப்பு வரிகளில்தான் உங்கள் பங்கு இருக்கும்.

இணையம் அறுந்ததா, மின்சாரம் போனதா என்பதையும் இங்கேயே எழுதுங்கள். ஆனால் மோடத்தின் மேல் பழி போடுவதற்கு முன் பதிவைப் பாருங்கள். "லைன் போச்சுண்ணே, அதான்" என்று வந்த ஒருவனுடைய பதிவில், லைன் போனது கப்பல் வெடித்து நான்கு நிமிடம் கழித்து.

5. வெடித்த இடத்திலிருந்து பின்னால் நடங்கள்

இனிதான் வேலை. கடைசி வரியில் தொடங்கி மேலே போங்கள். ஒவ்வொரு வரியிலும் ஒரே கேள்வி: இந்த நேரத்தில் நான் வேறு ஏதாவது செய்திருக்க முடியுமா? இல்லை என்றால் அடுத்த வரிக்கு ஏறுங்கள்.

முன்னாலிருந்து படித்தால் கதையாகிவிடும், கதையில் எல்லாமே தானாக நடந்த மாதிரி தெரியும். பின்னாலிருந்து வந்தால்தான் நம் கை பட்ட இடங்கள் தனித்தனியாகத் தெரியும்.

நான் பகலில் செம்பனை ஆலையில் லோரித் தராசில் வேலை பார்க்கிறேன். குலை ஏற்றி வரும் லோரி வளைவில் சாய்ந்தால் எல்லோரும் அந்த வளைவைத்தான் திட்டுவார்கள். குலையை ஒரு பக்கமாகக் குவித்து ஏற்றியது தோட்டத்துக்குள், அதற்கு ஒரு மணி நேரம் முன்னால்.

என் விஷயத்தில் 8:18இல் எதுவும் செய்திருக்க முடியாது, திரை முன்னாலேயே இல்லை. 7:53இல் முடியும், சாப்பாட்டைத் தள்ளிப்போட்டிருக்கலாம். 7:52இல் முடியும். ஆட்டோபைலட், கேட்டுக்கு (மண்டலம் விட்டு மண்டலம் தாவும் வாசல்) பல கிலோமீட்டர் முன்னாலேயே கப்பலை நிறுத்தி, அங்கிருந்து ஆமை வேகத்தில் தள்ளிக்கொண்டு போகும். கையால் ஓட்டினால் நேரே கேட்டின் மேலேயே இறங்கித் தாவலாம். 7:46இல் முடியும், சரக்கைப் பிரித்திருக்கலாம். அதற்கும் மேலே, புத்தகத்தில் எழுதாமல் விட்ட ஒரு வரி: முந்தின வாரம் கப்பலில் கருவி பூட்டும் கீழ்வரிசை இடங்கள் அத்தனையிலும் சரக்கறை விரிவாக்கியைப் பூட்டினேன். அது இடத்தைக் கூட்டும், ஆனால் கப்பலின் உடல் வலுவையும் வேகத்தையும் குறைக்கும். அட்டைப்பெட்டியை நானேதான் செய்தேன்.

இன்னொரு இழப்பு. எதிர்வீட்டுத் தம்பி ஒரு கூரியர் ஒப்பந்தத்தை எடுத்தான்: அடுத்தவர் பொட்டலத்தைக் கூலிக்குச் சுமப்பது, பொட்டலம் போனால் கட்டிய பிணை அனுப்பியவருக்குப் போகும். கூலி நன்றாக இருந்தது. பிணைத்தொகை 30 கோடி, அவனிடம் இருந்ததில் முக்கால்வாசி. வழியில் சுட்டுவிட்டார்கள், பிணை போயிற்று.

"கேட்ல டக்குனு தாவிருக்கணும்ணே, லேட் பண்ணிட்டேன்."

"அதுக்கு மேல போ."

"மேலன்னா... வழிய மாத்திருக்கணும்."

"அதுக்கும் மேல."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "அந்தப் பிணை ஏன் அவ்வளவு பெரிசுன்னு நான் யோசிக்கவே இல்லண்ணே."

அங்கேதான் நிற்க வேண்டும். பிணைக்கும் சரக்கின் மதிப்புக்கும் சம்பந்தமே இல்லை. ஒப்பந்தம் போட்டவன் பிணையைத் தின்னத்தான் போட்டிருந்தான். எவ்வளவு வேகமாகத் தாவினாலும் அந்த ஆள் அடுத்த கேட்டில் காத்திருந்திருப்பான்.

6. எதிராளியின் கணக்கைப் போட்டுப் பாருங்கள்

புதியவர்கள் ஹைசெக் (பாதுகாப்பு மதிப்பெண் 0.5 முதல் 1.0 வரை உள்ள மண்டலங்கள்) என்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறார்கள். காங்கார்ட் என்ற காவல்படை அங்கே தடுப்பதற்கு இல்லை, தண்டிப்பதற்கு இருக்கிறது. சுட்டவனின் கப்பல் கட்டாயம் அழியும், ஆனால் அவர்கள் வந்து சேரும்வரை அவனுக்குச் சில நொடிகள் உண்டு. 1.0 மண்டலத்தில் சீக்கிரம் வருவார்கள், 0.5இல் தாமதமாக வருவார்கள். உவேடாமா 0.5. ஜிட்டாவிலிருந்து டோடிக்சிக்குப் போகும் ஹைசெக் பாதை அதன் வழியாகத்தான் போகிறது. அவர்கள் அங்கே நிற்பதற்குக் காரணம் வேறு தேட வேண்டாம்.

சரக்கை ஸ்கேன் செய்து பார்த்துவிட்டுத்தான் சுடுகிறார்கள். ஒவ்வொரு பொருளும் மிஞ்சுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆக என் 120 கோடி அவர்கள் கண்ணுக்கு 60 கோடி. என்னைச் சுட்டவை மூன்று கேட்டலிஸ்ட், மலிவான சின்னப் போர்க்கப்பல்கள். ஒன்றுக்கு ஒன்றரைக் கோடி என்று தாராளமாகவே வைத்தாலும் செலவு நாலரைக் கோடி. அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் சுட்டிருப்பேன்.

உங்கள் இழப்பிலும் இதே கணக்கைப் போடுங்கள். எத்தனை கப்பல், என்ன விலை, பாதிச் சரக்கு எவ்வளவு. அந்தச் செலவுக்குக் கட்டுபடியாகாத சரக்கு அளவு எதுவோ அதுதான் உங்கள் கப்பலின் உண்மையான கொள்ளளவு. கார்கோ அறையின் கன மீட்டரைப் பார்த்துச் சரக்கு ஏற்றுவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் நடக்கிற தவறு.

7. தெரியாமல் செய்ததா, தெரிந்தே செய்ததா?

ஐந்தாம் படியில் கிடைத்த ஒவ்வொரு இடத்துக்கும் பக்கத்தில் இதை எழுதுங்கள். மருந்து வேறு வேறு.

சரக்கறை விரிவாக்கி உடலை மெலிதாக்கும் என்பது எனக்குத் தெரியாது. படித்தேன், தெரிந்தது, முடிந்தது. ஆட்டோபைலட் ஆபத்து என்பது எனக்கு ஒரு வருடமாகத் தெரியும். தெரிந்ததை இன்னொரு முறை படிப்பதால் ஒன்றும் ஆகாது.

பின்வீட்டுப் பையன் ஒருவன் பாதுகாப்பு விளக்கைப் பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாற்றிவைத்திருந்தான், எச்சரிக்கை வந்துகொண்டே இருப்பது எரிச்சல் என்று. பச்சையில் இருந்தால், அடுத்தவன் பெட்டியில் கை வைக்கவே விளையாட்டு விடாது. மஞ்சளில் விடும். எடுத்தான், சந்தேக நபர் ஆனான், பெட்டிக்குப் பக்கத்தில் காத்திருந்தவர்கள் சுட்டார்கள். காவல்படை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, சந்தேக நபரை யாரும் சுடலாம். அவன் "எனக்குத் தெரியாது" என்று எழுதினான். எச்சரிக்கையை வாசித்து எரிச்சல்பட்டவனுக்கு எப்படித் தெரியாமல் போகும்? அதை அடித்துவிட்டுத் திருத்தி எழுத வைத்தேன்.

8. ஒரே ஒரு விதி எழுதுங்கள்

பத்து எழுதாதீர்கள். பத்து எழுதியவன் மூன்றாம் நாள் எதையும் பார்ப்பதில்லை. அன்டாக் பொத்தானை அழுத்தும் முன் ஆம், இல்லை என்று சொல்லிவிடக்கூடியதாக இருக்க வேண்டும். "கவனமாக இருப்பேன்" என்பது விதி இல்லை. "சரக்கு இருந்தால் ஆட்டோபைலட் கிடையாது" என்பது விதி. தெரிந்தே செய்த தவறுகளில் எது விலை கூடியதோ அதற்கு எழுதுங்கள்.

என் இரண்டாவது விதி, ஒரு நடைக்கு 9 கோடிக்கு மேல் டைராவில் ஏற்றுவதில்லை என்பது. அதை முதல் விதி பழக்கமான பிறகுதான் சேர்த்தேன், ஒரு மாதம் கழித்து.

9. காலிக் கப்பலோடு அதே வழியில் போங்கள்

அதே வகைக் கப்பல், அதே பாதை, சரக்கு இல்லாமல். கிளம்பும் முன் நட்சத்திர வரைபடத்தில் கடந்த ஒரு மணி நேரத்தில் எங்கே கப்பல்கள் அழிந்தன என்று பாருங்கள். உவேடாமா பெரிதாக ஒளிர்ந்தால் காத்திருங்கள்.

போகும்போது கவனிக்க வேண்டியது கப்பல் திரும்பும் நேரம். வார்ப் போக, போக வேண்டிய திசையில் அதிகபட்ச வேகத்தின் 75 விழுக்காட்டை எட்ட வேண்டும். கனமான கப்பலுக்கு அந்த நொடிகள் நீளம், அந்த நொடிகளில்தான் பிடிப்பார்கள். ஒரு கைப்பேசியில் நிறுத்துகடிகாரம் வைத்து அளந்து பாருங்கள். விரிவாக்கிகளைக் கழற்றிவிட்டு கப்பலைச் சீக்கிரம் திரும்ப வைக்கும் இனெர்ஷியல் ஸ்டெபிலைசர் பூட்டி மறுபடி அளந்தால் வித்தியாசம் கையில் தெரியும்.

10. சின்னச் சரக்கோடு திரும்புங்கள்

எதிராளிக்குக் கட்டுபடியாகாத அளவில் பிரித்து, கையால் ஓட்டி. அலுப்பாக இருந்தால் கூரியர் ஒப்பந்தம் போட்டு வேறொருவரிடம் கொடுங்கள், பிணைத்தொகையை முழுச் சரக்கு மதிப்புக்கு வையுங்கள். சரக்கு போனாலும் பிணை உங்களுக்கு வரும். எதிர்வீட்டுத் தம்பி இப்போது இந்தப் பக்கம் வந்துவிட்டான்.

பிளாக்கேட் ரன்னர் என்ற சரக்குக் கப்பலை வாங்கினால் ஸ்கேன் செய்ய முடியாதே என்று சிலர் குதிப்பார்கள். உண்மைதான், அந்தக் கப்பலின் சரக்கை ஸ்கேனர் காட்டாது. ஆனால் அதையும் ஆட்டோபைலட்டில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், உள்ளே என்ன இருக்கிறது என்று உடைத்துப் பார்க்க ஒருவன் வருவான்.

எங்கள் பக்கத்தில் சாயங்காலம் இடி அதிகம். மேகம் கறுத்தால் சரக்கோடு கிளம்பாதீர்கள். கப்பலை ஸ்டேஷனிலேயே விட்டுவிட்டு மோடம் வயரைப் பிடுங்கிவையுங்கள், மழை விட்ட பிறகு பார்த்துக்கொள்ளலாம்.